கொரோலா 121: முன் ஷொக் அப்சோபரை வீட்டிலேயே மாற்றலாமா?

உப்புவெளியான்:
வணக்கம். எங்களுடையது கொரோலா 121, அப்பா ஓட்டிய வாகனம். ஒரு மாதமாக முன் இடது பக்கம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ‘டொக்’ என்று அடிக்கிறது. அம்மாவைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்செல்லும்போது, பள்ளம் வருவதற்கு முன்பே அவர் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

நேற்றுச் சில்லைக் கழற்றிப் பார்த்தேன். இடது ஷொக் அப்சோபரின் உடம்பு முழுவதும் எண்ணெய் வழிந்து, அதில் மணல் களிபோல் ஒட்டியிருக்கிறது. தூசி காக்கும் ரப்பர் உறை கிழிந்து தொங்குகிறது. வலது பக்கம் காய்ந்துதான் இருக்கிறது. ஒரு கராஜில், இடதை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். பிரேக் பாட் நானே மாற்றியிருக்கிறேன். சொக்கட் செட்டும் இரண்டு ஜக் ஸ்டாண்டும் இருக்கின்றன. ஷொக் அப்சோபரைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியைப் பக்கத்து வீட்டு அண்ணா தருவதாகச் சொல்கிறார். துணிந்து இறங்கலாமா? ஷொக் அப்சோபரைக் கீழே பிடிக்கும் இரண்டு போல்ட்டும் கடற்காற்றில் துருவேறி ஒரே கட்டியாகக் கிடக்கின்றன.

மூதூர் ஐயா:
தம்பி, இறங்கலாம். ஆனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தளர்ந்தது என்றால், சடுதியாக பிரேக் பிடிக்கும்போது வாகனம் நேரே நிற்காது.

துருவுக்கு அவசரம் உதவாது. முதல் நாள் மாலையே கம்பித் தூரிகையால் நூல் தெரியும்வரை தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை மீண்டும் விடுங்கள். பிரேக் குழாயையும் ஏபிஎஸ் வயரையும் ஷொக் அப்சோபரிலிருந்து கழற்றிய பிறகே அந்த இரண்டு போல்ட்டையும் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் நக்கிள், அதாவது சில்லைத் தாங்கும் இரும்புப் பாகம், வெளிப்பக்கம் சாயும். கம்பியால் கட்டி வையுங்கள். கட்டாவிட்டால் பாரம் முழுவதும் பிரேக் குழாயில் தொங்கும். சில்லைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டும் உள்மூட்டில் கழன்றுவிடக்கூடும்.

இனிச் சொல்வதை இரண்டு முறை வாசியுங்கள். பொனட்டைத் திறந்தால் மேலே சுற்றிவர மூன்று நட்டும் நடுவில் ஒரு நட்டும் தெரியும். அந்த நடு நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டும்வரை தொடவே கூடாது. ஸ்பிரிங்கின் முழு விசையையும் பிடித்து வைத்திருப்பது அது ஒன்றுதான். கருவியின் இரண்டு கரங்களையும் நேரெதிராக மாட்டுங்கள். இந்தப் பக்கம் மூன்று சுற்று, அந்தப் பக்கம் மூன்று சுற்று என்று கையாலேயே மாறி மாறி இறுக்குங்கள். ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு இளகி, கையால் அசைக்கும் நிலைக்கு வந்த பிறகே நடு நட்டுக்குப் போகலாம். முகத்தை ஒருபோதும் அதன் நேர்மேலே வைக்காதீர்கள். எனக்கு ஒருமுறை கொக்கி வழுக்கியது. ஸ்பிரிங் சுவரில் அடித்த அடியில் செங்கல் தெரிந்தது. அன்று வழுக்கியது கொக்கியின் பல் தேய்ந்திருந்த இரவல் கருவி. நீங்களும் இரவல் வாங்குவதால் சொல்கிறேன், முதலில் அந்தப் பல்லைப் பாருங்கள்.

உவர்மலை ரீச்சர்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஷொக் அப்சோபரை மேலே பிடிக்கும் மவுண்டையும், ஸ்டியரிங் திருப்பும்போது அங்கே சுழலும் பேரிங்கையும் சேர்த்தே வாங்குங்கள். நான் காசைப் பார்த்துப் பழையதையே திரும்பப் பூட்டினேன். இரண்டு கிழமையில், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலே ஸ்பிரிங் முறுகி அதிர்ந்தது. அதே வேலையை அடியிலிருந்து மீண்டும் செய்தேன். கழற்றிய பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள், மணல் அரைபடுவது கைக்கே தெரியும்.

உப்புவெளியான்:
நன்றி ஐயா, நன்றி ரீச்சர். சனிக்கிழமை முடித்தேன். இரவல் கருவியில் ஒரு பல் தேய்ந்துதான் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினேன். இடது பேரிங் ரீச்சர் சொன்னபடியே கரகரத்தது. நான் தடுமாறியது ஒரே இடத்தில்தான்: ஸ்பிரிங்கின் கீழ் நுனி, இருக்கையிலுள்ள படியில் முட்டி உட்காரவில்லை. ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. மீண்டும் அமுக்கித் திருப்பி வைத்தேன். கீழ் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ளபடி 153 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். இடதுக்கு நான்கு மணிநேரம், வலதுக்கு ஒன்றரை.

மூதூர் ஐயா:
நல்லது தம்பி. வீல் எலைன்மென்ட் பார்த்தீர்களா? அந்த இரண்டு போல்ட்டையும் கழற்றினாலே சில்லின் சாய்வு மாறிவிடும். விட்டால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும்.

உப்புவெளியான்:
திங்கள் காலை பார்த்தேன் ஐயா. இடது சில்லு உள்பக்கம் சாய்ந்திருந்தது, சரி செய்தார்கள். அங்கிருந்தே அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகும் வழி முழுவதும் அவர் கை மடியில் மருந்துப் பையின் மேல்தான் இருந்தது.