குழுவாகக் கணக்குப் போட்டால் ஆர்வம் வருமா?

கரும்பலகை:
எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்த ஆண்டு நான்கு நான்கு பேராக உட்காரவைத்துப் போடச் சொல்கிறேன். பெல் எப்போது அடிக்கும் என்று பார்த்திருந்த பிள்ளைகள் இப்போது பெல் அடித்த பிறகும் வாதாடுகிறார்கள். சேர்ந்து போட்டால்தான் ஆர்வம் வரும் என்பது என் கட்சி.

தனிவழி:
மறுக்கிறேன். ஒருவன் போடுவான், மூன்று பேர் பார்த்து எழுதுவார்கள். என் வகுப்பில் அந்த ஒருவன் நான்தான், எரிச்சல்தான் மிஞ்சியது. கயிறு இழுக்க ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்று ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1913-லேயே எழுதிவிட்டார். முந்நூறு ஆண்டுக்கு மேல் யாராலும் நிரூபிக்க முடியாத ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தோடு கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸ் ஏழு ஆண்டு தனியாகத்தானே மல்லுக்கட்டினார்?

கரும்பலகை:
வைல்ஸ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1993-ல் அறிவித்த நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. ரிச்சர்ட் டெய்லரைச் சேர்த்துக்கொண்டு 1994-ல்தான் அடைத்தார்.

அது பெரிய இடத்துச் சமாசாரம். என் வகுப்புக்கு வாருங்கள். பத்துப் பேர், எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை? வேகமாகப் போடும் பையன் பத்தை ஒன்பதால் பெருக்கி 90 என்றான். வாயே திறக்காத ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இது ஒண்ணா, ரெண்டா?" என்றாள். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் அவனே 90-ஐ அடித்துவிட்டு 45 எழுதினான்.

தனிவழி:
சரி, அழகுதான். ஆனால் புரிந்தது யாருக்கு? பன்னிரண்டு பக்கப் பலகோணத்துக்கு மூலைவிட்டம் எத்தனை என்று தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள்.

கடைசிபெஞ்ச்:
நடுவில் வருகிறேன். 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கால்குலஸில் (நுண்கணிதத்தில்) தடுமாறிய கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் தனியாகவே படிப்பதைக் கவனித்தார். சீன வம்சாவளி மாணவர்கள் கூடிப் படித்தார்கள். பிறகு அவர் நடத்திய குழு வகுப்புகளில் கொடுத்தது கடினமான கணக்குகளை. எளிய கணக்கென்றால் தனிவழி சொல்வதுதான் நடக்கும். அதில் பேச என்ன இருக்கிறது?

கரும்பலகை:
மூலைவிட்டக் கணக்கை இன்று கொடுத்தேன். 54 என்று பலர் எழுதினார்கள். நம் வேகக்காரன் 108, பாதியாக்க மறந்துவிட்டான்.

தனிவழி:
பக்கத்தில் அந்தப் பெண் இல்லையே!

கரும்பலகை:
ஒப்புக்கொள்கிறேன். இனி முதல் ஐந்து நிமிடம் பேச்சுக் கிடையாது, அவரவர் நோட்டில் அவரவர். அப்புறம்தான் குழு.

தனிவழி:
ஐந்தைப் பத்தாக்குங்கள், நான் கிளம்புகிறேன்.