ரேகன்ஸ்பர்க்கில் ஒரு பகல்: கல் பாலமும் அந்த வெள்ளைத் தளமும்

மியூனிக் பக்கம் இருப்பவர்கள் ஒரே நாளில் எங்கே போய் வரலாம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது ரேகன்ஸ்பர்க். சாதாரண ரயிலில் ஒன்றரை மணி நேரம். பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்குள் சாதாரண ரயில்களுக்கான ஒரு நாள் டிக்கெட்) எடுத்தால் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், வார நாளில் காலை ஒன்பதுக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நானும் என் கணவரும் ஒரு சனிக்கிழமை போனோம்.

ஸ்டேஷனிலிருந்து நடந்தே டான்யூப் கரைக்கு வந்துவிடலாம். இவர் கட்டுமான வேலையில் இருப்பவர், அதனால் கல் பாலத்தைவிட்டு நகர மனசே இல்லை. 1135-ல் தொடங்கி 1146-ல் முடித்த பாலம், நூற்றாண்டுக் கணக்கில் ஊருக்கு இது ஒன்றுதான் பாலம். ஒவ்வொரு தூணின் அடியிலும் சிறு தீவு மாதிரி கல் திட்டு கட்டி வைத்திருக்கிறார்கள், ஆறு அந்தத் திட்டுகளுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், மேல்பக்கம் சும்மா வருகிற தண்ணீர் கீழ்ப்பக்கம் போனதும் நுரைத்துச் சுழல்கிறது. "தூணைக் காப்பாத்த போட்ட கல்லு, ஆத்தையே குறுக்கிடுச்சு பாரு" என்றார். பெரிய கப்பல்கள் இதற்கடியில் போக முடியாமல் வடக்கே இருக்கும் கால்வாய் வழியாகத்தான் போகின்றன. 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மன் படையே பாலத்தின் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தது, பிறகு கட்டிச் சேர்த்தார்கள். இப்போது கார் பஸ் எதுவும் கிடையாது, நடப்பவர்களும் சைக்கிளும்தான்.

பாலத்தடியிலேயே பழைய சாசேஜ் கடை. கரி அடுப்பின் புகை வாசனை முதலில் வந்து கூப்பிடும். சின்னச் சின்ன சாசேஜ், புளித்த முட்டைக்கோஸ், கூடவே இனிப்புக் கடுகு விழுது. ஆறு எந்த வருஷம் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள், சில குறிகள் தலைக்கு மேலே இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அப்புறம் பேராலயம். கோபுரங்கள் 105 மீட்டர், அவை முடிந்தது 1869-ல்தான். உள்ளே கபிரியேல் தூதர் சிலையைத் தவறவிடாதீர்கள். 1280 வாக்கில் செதுக்கியது. எதிர்த் தூணில் நிற்கும் மரியாளைப் பார்த்து வாய் திறந்து, கன்னம் மேலேறி, கண் சுருங்கிச் சிரிக்கிறார். அந்தக் காலத்துச் சிலைகளில் இவ்வளவு வெளிப்படையான சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வானியல் அறிஞர் கெப்ளர் இறந்த வீடும் பக்கத்துத் தெருவில்தான். தனக்கு வரவேண்டிய சம்பள பாக்கியைக் கேட்க இந்த ஊருக்கு வந்தவர், வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு 1630 நவம்பர் 15-ல் இறந்துபோனார். அவர் கல்லறை இருந்த இடம்கூட முப்பதாண்டுப் போரில் அழிந்துவிட்டது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே நொய்ஃபார்பிளாட்ஸ் சதுக்கத்துக்காக. கடைத்தெரு நடுவில் தேவாலயம், அதன் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு வெள்ளைத் தளம், முழங்கால் உயரத்துக்குத் திட்டுகள். பசங்க அதன் மேல் குதித்து விளையாடுகிறார்கள், ஐஸ்கிரீமோடு நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்களும் உட்காரப் போய், அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுத் தயங்கி நின்றோம். இங்கே இருந்தது யூதர் குடியிருப்பு. 1519 ஜனவரியில் யூதர்களுக்குக் காவலாக இருந்த பேரரசர் மாக்சிமிலியன் இறந்தார், அடுத்த மாதமே நகரசபை யூதர்களை ஊரைவிட்டு விரட்டி, தொழுகைக் கூடத்தை இடித்தது. அவர்களுடைய கல்லறைக் கற்களைப் பிடுங்கிப் போய் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுச் சுவர்களில் பதித்தார்கள், சில இன்றும் அப்படியே இருக்கின்றன. 1995-ல் தோண்டத் தொடங்கியபோது கூடத்தின் அஸ்திவாரம் கிடைத்தது. அதன் தரைப்பட வடிவத்தைத்தான் இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான் 2005-ல் வெள்ளைக் கான்கிரீட்டில் எழுப்பியிருக்கிறார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பாட்டி எங்கள் தயக்கத்தைப் பார்த்து நின்றார். "உட்காருங்க, ஜனங்க வந்து உட்காரணும்னுதான் இதைக் கட்டியிருக்கு" என்றார். அந்த வட்டமான திட்டுகள் கூடத்தின் தூண்கள் நின்ற இடங்கள் என்று ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக் காட்டினார். கொஞ்சம் தள்ளி புதுத் தொழுகைக் கூடம் இருப்பதையும் சொன்னார். 1938-ல் நாஜிகள் எரித்த கூடம் இருந்த இடத்திலேயே 2019-ல் திறந்தது, அதாவது விரட்டி சரியாக 500 வருஷம் கழித்து. நாங்கள் நடந்து போய் அதையும் பார்த்தோம். பாலத்தைப் பார்க்க எல்லாரும் போகிறார்கள், போகத்தான் வேண்டும். இந்தத் தளத்துக்கும் அதே அளவு நேரம் கொடுங்கள், குழந்தைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி:

பாட்டி சொன்னதைப் படித்ததும் எனக்கு டான்யூப் கரையிலேயே இருக்கும் இன்னொரு ஊரான பாஸாவ் ஞாபகம் வந்தது. நானும் மனைவியும் அங்கே மூன்று ஆறுகள் கூடும் முனையில் நின்றோம், இன் ஆறு வெளிர் பச்சை, இல்ஸ் கறுப்பு, நடுவில் டான்யூப், மூன்று நிறமும் கொஞ்ச தூரம் கலக்காமலே போகின்றன. நகரமன்றச் சுவரில் 2013 ஜூன் வெள்ளக் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், 12.89 மீட்டர், 1501-க்குப் பிறகு அதுதான் உச்சம். பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து, தன் கடையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று காட்டினார். வெளியூரிலிருந்து மாணவர்கள் வந்து சேறு அள்ளினார்கள் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் மாறிவிட்டது. சரி, ஒரு சந்தேகம், ரேகன்ஸ்பர்க்கில் பழைய நகரமன்றம் உள்ளே போனீர்களா? ஊருக்கு வெளியே குன்றின் மேல் இருக்கும் வால்ஹல்லா நினைவு மண்டபத்தையும் அதே நாளில் பார்க்க முடியுமா?

பதில்:

நகரமன்றம் போனோம், வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், அதனால் ஊருக்குள் வந்ததும் முதல் வேலையாக அந்த டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் மன்றம் கூடிய மண்டபம் மேலே, சித்திரவதை அறை கீழே, ரெண்டும் ஒரே சுற்றில் வருகிறது, கீழே போனபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வால்ஹல்லாவுக்குக் கோடைகாலத்தில் படகு உண்டு, ஆனால் 358 படி ஏறி இறங்கித் திரும்புவதற்குள் அரை நாள் ஓடிவிடும். அதையும் இதில் திணித்தால் சதுக்கத்தில் பத்து நிமிஷம்கூட உட்கார முடியாது, வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.