திறக்காத கோப்பு, உடைந்த எழுத்து, சுருங்கிய அச்சு: உங்களுக்கு நடந்தது என்ன?

நேற்று இரவு ஒரு விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டினேன். பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறது, நான் உட்கார்ந்ததோ பதினொன்றரைக்கு. படிவம் பிடிஎஃப். இறக்கித் திறந்தால் "கோப்பு சேதமடைந்துள்ளது" என்றது. மறுபடி இறக்கினேன், அதே பதில். மூன்றாவது முறை கோப்பின் பெயருக்குப் பின்னால் 2 என்ற எண் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அப்போதுதான் அளவைப் பார்த்தேன். 14 கேபி. இருபது பக்கப் படிவம் 14 கேபியில் அடங்குமா? சந்தேகப்பட்டு நோட்பேடில் திறந்தேன். ஒழுங்கான பிடிஎஃப் என்றால் முதல் வரியிலேயே ஒரு சதவீதக் குறி, அதையொட்டி பிடிஎஃப் என்ற மூன்றெழுத்து, பதிப்பு எண் எல்லாம் இருக்கும். இதில் முதல் வரியே எச்டிஎம்எல், அதாவது இணையப் பக்கம் எழுதும் மொழி. கொஞ்சம் கீழே போனால், நேரம் கடந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும் என்று ஒரு வாக்கியம். நான் இறக்கியது படிவமே இல்லை. உள்நுழைவுப் பக்கத்துக்கு பிடிஎஃப் என்று பெயர் சூட்டி மூன்று முறை பத்திரப்படுத்தியிருக்கிறேன்! திரும்ப உள்நுழைந்ததும் நிஜக் கோப்பு வந்தது. 11.52க்கு அனுப்பினேன்.

இறக்குவது, படிப்பது, திருத்துவது, அச்சிடுவது எதில் மாட்டியிருந்தாலும் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: 'என்னவோ ஆச்சு, அப்புறம் தானா சரியாச்சு' என்று முடித்துவிடாமல், காரணம் தெரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

* * *

உங்களுக்கு வந்தது போலி. எனக்கு வந்தது அசல்தான், ஆனால் வால் இல்லை. 180 எம்பி கையேடு ஒன்றைப் போனில் இறக்கும்போது வைஃபை அறுந்து 150-லேயே நின்றுவிட்டது. ஆறில் ஐந்து பங்கு வந்திருக்கிறதே, அந்தப் பக்கங்களையாவது காட்டக்கூடாதா என்று எனக்கு ஆத்திரம். விசாரித்ததில், எந்தப் பக்கம் எங்கே கிடக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில்தான் இருக்குமாம். அது வராததால் செயலி கையை விரித்துவிட்டது. வேறொரு செயலி அட்டவணையைத் தானே கட்டிக்கொண்டு முன்பக்கங்களைக் காட்டியது. எனக்கு வேண்டிய பக்கம் வழக்கம்போல பின்னால்தான் இருந்தது, அது வேறு கதை.

* * *

நான் பிழைதிருத்தும் வேலை செய்பவள். "பிடிஎஃப்பிலிருந்து எடுத்து வேர்டில் போட்டுக்கொடுங்க மேடம், பத்து நிமிஷ வேலை" என்பார்கள். அந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பத்து நாள் ஆனதுண்டு.

ஒரு பழைய ஆண்டுமலரை அப்படித்தான் தந்தார்கள். திரையில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் தமிழ். 'அம்மா' என்ற சொல்லை நகலெடுத்து வேர்டில் ஒட்டினேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் வந்து விழுந்தன. பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு அது. உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துதான். எம் வந்தால் 'அ' படத்தைக் காட்டு, கே வந்தால் 'ம' படத்தைக் காட்டு, அரைப்புள்ளி வந்தால் புள்ளி வை என்று எழுத்துரு வேஷம் கட்டிவிடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனதும் வேஷம் கலைந்துவிடும். பாமினியை யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டு முறைக்குக் கொண்டுபோகும் மாற்றிகள் இருக்கின்றன, நொடியில் மாற்றிவிடும். என்ன, நடுவில் நிஜமாகவே ஒரு ஆங்கிலப் பெயர் வந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மென்று துப்பும்.

சரி, யூனிகோடில் தட்டிய பிடிஎஃப் என்றால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. 'எடுத்துக்கொண்டு' என்று திரையில் இருப்பதை நகலெடுத்தால் 'எடுத்துக்ெகாண்டு' என்று வருகிறதே, பார்த்திருக்கிறீர்களா? யூனிகோடு முறையில் 'கொ' என்றால் முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி. ஆனால் பக்கத்தில் வரையும்போது கொம்பு, க, கால் என்றுதான் வரிசை. பிடிஎஃப்புக்குச் சொல், வாக்கியம், பத்தி என்ற நினைப்பெல்லாம் கிடையாது. இந்த வடிவத்தை இந்த இடத்தில் வரை என்ற கட்டளைகள்தான் முக்கியம். எந்த வடிவம் எந்த எழுத்து என்ற குறிப்பைக் கூடவே வைக்கலாம். கோப்பை உருவாக்கிய மென்பொருள் அதைச் சரியாக வைத்ததா என்பதில்தான் நம் தலையெழுத்து. அதனால்தான் கண்ணெதிரே 'கொண்டு' இருக்கும், தேடல் பெட்டியில் தட்டினால் ஒன்றும் கிடைக்காது.

அந்த மலரை எப்படி முடித்தேன் என்றால், மாற்றியோடு மல்லாடிப் பார்த்துவிட்டு, எல்லாப் பக்கத்தையும் படமாக்கி, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டித்தரும் ஓசிஆர் மென்பொருளில் கொடுத்தேன். 'ர'வையும் காலையும் அது குழப்பியதைத் திருத்தவே நான்கு நாள். இருந்தாலும் அதுதான் சுலபமாக இருந்தது. இப்போதெல்லாம் யார் பிடிஎஃப் நீட்டினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இதைத் தட்டிய மூலக்கோப்பு யாரிடமாவது இருக்கா?"

* * *

அக்கா, தேடினால் கிடைக்காததற்கு இதுவா காரணம்! இரண்டு வருஷமாக நான் ஒற்றெழுத்தைத் தப்பாகத் தட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

* * *

என்னுடையது அச்சுக் கதை. பெண்ணுக்குக் கவுன் தைக்க ஒரு கட்டிங் பேட்டர்ன் இறக்கினேன். பதினாறு தாளில் அச்சிட்டு, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, பெரிய தாளாக்கித் துணிமேல் விரித்து வெட்ட வேண்டும். தரையில் மண்டியிட்டு ஒட்டிய எனக்கு முழங்கால் போனது. கோடெல்லாம் கனகச்சிதமாகச் சேர்ந்தன. வெட்டி, தைத்து, மாட்டிப் பார்த்தால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது.

முதல் தாளின் மூலையில் ஒரு குட்டிச் சதுரம் இருந்தது. '5 செ.மீ., வெட்டுமுன் அளந்து பார்க்கவும்.' வெட்டியபின் அளந்தேன். 4.8.

பேட்டர்னை அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாளுக்குச் செய்திருந்தார்கள், அதன் அகலம் 216 மி.மீ. என் பிரிண்டரில் இருந்தது ஏ4, 210 மி.மீ. போதாததற்கு ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விடாமல் என் பிரிண்டருக்கு அச்சிடத் தெரியாது. அச்சிடும் பெட்டியில் 'தாளுக்குப் பொருத்து' என்பதில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. நூற்றுக்கு நான்கு சுருங்கிவிட்டது. கேட்டால் அற்பமாகத் தெரியும், ஆனால் 65 செ.மீ. சுற்றளவில் 2.6 செ.மீ. காணோம். எல்லாத் தாளும் ஒரே மாதிரி சுருங்கியதால் கோடுகள் ஒட்டும்போதும் சந்தேகம் வரவில்லை. இப்போது 'உண்மையான அளவு' என்று வைத்து, முதல் தாளை மட்டும் அச்சிட்டு, ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் மற்றதெல்லாம். கவுன் பொம்மைக்கும் பெரிசு, பெண்ணுக்கும் சிறிசு. அலமாரியில் கிடக்கிறது.

* * *

சிரிக்காதீர்கள். ஒரு படிவத்தைப் பிரௌசரில் திறந்தேன். "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஆங்கிலத்தில் வந்தது. காத்திருந்தேன். முகம் கழுவிவிட்டு வந்தேன், அப்படியே இருந்தது. துணி காயப்போட்டுவிட்டு வந்தேன், அப்போதும் அப்படியே. நாற்பது நிமிஷம் கழித்துத்தான் அந்தச் செய்தியின் இரண்டாவது வாக்கியத்தைப் படித்தேன்: இந்தச் செய்தி மாறாவிட்டால் உங்கள் செயலியால் இந்த வகை ஆவணத்தைக் காட்ட முடியாமல் இருக்கலாம்.

அதாவது எதுவும் ஏறிக்கொண்டிருக்கவில்லை. அந்த வாக்கியம்தான் பக்கமே. படிவம் எக்ஸ்எஃப்ஏ என்ற முறையில் உள்ளே ஒளிந்திருக்கிறது, அது புரியாத செயலிக்குக் காட்டுவதற்கென்று இந்த முகப்பை வைத்திருக்கிறார்கள். 2017-ல் வந்த பிடிஎஃப் 2.0 தரநிலையிலேயே இந்த முறையை இனி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள், படிவங்கள் மட்டும் இன்னும் சுற்றுகின்றன. கோப்பைக் கணினியில் இறக்கி அடோபி ரீடரில் திறந்ததும் உடனே வந்துவிட்டது.

* * *

எனக்கு நடந்தது மானப்பிரச்சினை. ஒரு ஒப்பந்தத்தை வெளியாளுக்கு அனுப்பும்முன், அவர் பார்க்கக்கூடாத தொகைகள்மேல் கறுப்புக் கட்டம் வரைந்து மறைத்தேன். அனுப்பிய அரைமணியில் அவரே போன் செய்தார். "சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. கறுப்புக் கட்டத்தோடு சேர்த்து நகலெடுத்து ஒட்டினா எண்ணெல்லாம் வருது." எழுத்து அதே இடத்தில்தான் இருந்திருக்கிறது, நான் மேலே கம்பளம் விரித்திருக்கிறேன், அவ்வளவுதான். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் தேர்தல் பிரசாரத்தை முன்பு நடத்திய பால் மானஃபோர்ட் வழக்கில் அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்திலும் இதே கூத்து நடந்தது. மறைத்த பகுதிகளைச் செய்தியாளர்கள் நகலெடுத்துப் படித்துவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஒரு அற்ப ஆறுதல். மறைப்பதற்கென்றே உள்ள கருவி எழுத்தையே அழித்துவிடும். அது இல்லாதபோது நான் அச்சிட்டு, மார்க்கரால் அடித்து, ஸ்கேன் செய்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான்.

* * *

ஸ்கேன் என்றதும் ஞாபகம் வருகிறது. 200 கேபிக்குள் பதிவேற்றச் சொன்னார்கள் என்று ஒரு சான்றிதழைச் சுருக்கோ சுருக்கென்று சுருக்கினேன். எண்ணில் எது 3, எது 8 என்று தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் என்றால் சுருக்குமுன் 26 எம்பி, வெறும் கறுப்பு வெள்ளையில் 1 எம்பி சொச்சம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தை நான் ஏன் வண்ணத்தில் ஸ்கேன் செய்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தேன், அடங்கிவிட்டது.

மங்கலாக இருந்ததால் நான் பிழைத்தேன். பளிச்சென்று தெளிவாகத் தப்பான எண் வந்தால்? 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்பவர் ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தார். அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்று அறையும் 14.13! ஜேபிக் 2 என்ற சுருக்கும் முறை, ஒன்றுபோல் தோன்றும் துணுக்குகளை ஒரே தடவை சேமித்து எல்லா இடத்திலும் அதையே ஒட்டியதுதான் காரணம். நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. எண்கள் உள்ள எதையும் ஸ்கேன் செய்தபின் மூலத்தோடு ஒருமுறை ஒத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது.

* * *

தொடங்கி வைத்தவன் மறுபடி வந்திருக்கிறேன், வெற்றியோடு அல்ல. அனுப்பிய விண்ணப்பத்தை அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தபாலிலும் அனுப்பச் சொல்கிறார்கள். அச்சிட்டால் தமிழில் நிரப்பிய இடமெல்லாம் காலிக் கட்டங்கள். திரையில் சரியாகத்தான் இருக்கிறது. அச்சிடும் பெட்டியின் கூடுதல் அமைப்புகளில் 'படமாக அச்சிடு' என்று ஒன்று இருந்தது. அதை டிக் செய்ததும் எழுத்துகள் ஒழுங்காக வந்தன; எழுத்துருவைப் பிரிண்டரின் பொறுப்பில் விடாமல் கணினியே பக்கத்தை வரைந்து அனுப்பிவிடுகிறது. மெதுவாகத்தான் வந்தது, பரவாயில்லை.

இரண்டு பக்கமும் அச்சிட்டால் தாள் மிச்சம் என்று நினைத்தேன். இப்போது ஒற்றைப்படைப் பக்கங்கள் நிமிர்ந்தும் இரட்டைப்படைப் பக்கங்கள் தலைகீழாகவும் நிற்கின்றன. நீள விளிம்பா, குறுகிய விளிம்பா என்று கேட்டது, குத்துமதிப்பாக இரண்டாவதை அழுத்தினேன்.

* * *

நிமிர்ந்த பக்கம் என்றால் நீள விளிம்பு சார். முதலில் இரண்டே பக்கம் அச்சிட்டுப் பாருங்கள்.