அப்பா அம்மாவுடன் 4 இரவுக் கப்பல் பயணம்: பால்கனி அறையா, புள்ளிகளா?

புங்கோல்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 68. அப்பா மன்னார்குடியை விட்டு அதிகம் வெளியே போனவர் இல்லை. கடல் என்றால் அவருக்கு வேதாரண்யத்தில் தை அமாவாசைக்கு முழுகி எழுந்த கடல்தான். அதனால் இந்த முறை அவர்களைக் கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்று இரண்டு வருடமாக மனதில் வைத்திருக்கிறேன். ராயல் கரீபியனில் சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுப் பயணம். நான், மனைவி, 9 வயது மகள், அப்பா, அம்மா என்று ஐந்து பேர். இரண்டு அறை.

எங்கள் முகவர் சொல்வது இது: எங்கள் மூவருக்கும் ஜூனியர் சூட் என்ற பெரிய அறை எடுங்கள், பெரியவர்களுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை போதும், அவர்கள் அறைக்குத் தூங்கத்தானே வரப்போகிறார்கள். கப்பலில் தங்கும் இரவுகளுக்கு நிறுவனம் உறுப்பினர் புள்ளி தரும், ஜூனியர் சூட்டில் இரவுக்கு இரட்டைப் புள்ளி கிடைக்கும், சீக்கிரம் உறுப்பினர் திட்டத்தில் மேல்படிக்குப் போய்விடலாம், அப்புறம் சலுகை எல்லாம் குடும்பத்துக்கே வரும் என்கிறார். எனக்கும் மனைவிக்கும் கிரௌன் அண்ட் ஆங்கர் என்ற அந்த உறுப்பினர் திட்டத்தில் இப்போது 26 புள்ளிகள் இருக்கின்றன. டைமண்ட் படிக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு நிஜமாகவே உண்டு, மறைக்கவில்லை.

நான் முதலில் நினைத்தது இதற்கு நேர் எதிர். பெரியவர்களுக்குப் பால்கனி அறை, நாங்கள் மூவரும் உள்ளறையில், மகளுக்கு மடக்குக் கட்டில். முகவர் சொல்லும் வழி இதைவிட 640 சிங்கப்பூர் வெள்ளி கூடுதல்.

அப்பாவுக்கு முழங்கால் வலி, கைத்தடி வைத்துத்தான் நடப்பார். காலை 4 மணிக்கே எழுந்துவிடுவார். அம்மாவுக்குப் பேருந்தில் ஏறினாலே குமட்டும். பால்கனி என்றால் மேல் தளமாக இருக்குமே, ஆட்டம் அதிகம் தெரியுமோ என்று பயமாக இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்காரன்:

அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே முடிவு செய்யும் மலிவு வகை ஒன்று உண்டு. பால்கனி வகையிலேயே அதைக் கேட்டுப் பாருங்கள். நானும் மனைவியும் மூன்று முறை அப்படித்தான் போனோம், ஒரு குறையும் இல்லை. மிச்சப்படும் காசில் பினாங்கில் நன்றாகச் சாப்பிடலாம்.

கடற்காற்று:

தெம்பனிஸ்காரன் சொன்னது இளம் தம்பதிக்குச் சரி. வயதானவர்களோடு போகும்போது தயவுசெய்து அந்த வகை வேண்டாம். நான் அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் மாமியாரை முதல் தடவை கூட்டிப்போனோம் (வேறொரு நிறுவனத்தின் கப்பல்). விலை குறைவு என்று இரண்டு அறையையும் அவர்கள் தருகிற எண்ணுக்கே விட்டுவிட்டேன். மாமியாரின் அறை பின்கோடியில், எங்களுடையது முன்கோடியில். அதுவும் அவர் அறை நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. விடியற்காலையில் பணியாளர்கள் தளத்தைக் கழுவுவதற்காகச் சாய்வு நாற்காலிகளை இழுப்பார்கள், அந்தச் சத்தம் கூரை வழியே அப்படியே இறங்கும். கடைசி நாள் அவர், “எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சும்மா, தூக்கம்தான் இல்லை” என்றார். மூன்று நாளும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். நம் பெரியவர்கள் குறை சொல்ல மாட்டார்கள், நாம்தான் முன்கூட்டி யோசிக்க வேண்டும்.

இனி புள்ளிக் கணக்கு. நான் இப்போது டைமண்ட் படியில் இருக்கிறேன். 80 புள்ளி சேர எனக்கு ஏழு வருடம் ஆனது. ஆசைப்பட்டுச் சேர்த்தவள்தான், அதனால் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பயணத்துக்கு அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சாதாரண அறையில் இரவுக்கு 1 புள்ளி. உங்களிடம் 26, இந்தப் பயணத்தில் 4, ஆக 30. பிளாட்டினத்துக்கு வேண்டியதே 30தான். உள்ளறையில் படுத்தே அந்தப் படி வந்துவிடும். ஜூனியர் சூட் எடுத்தால் 34, அதுவும் பிளாட்டினம்தான். அடுத்த எமரால்டுக்கு 55 வேண்டும், டைமண்டுக்கு 80. அந்த நான்கு புள்ளிக்கு 640 வெள்ளி கொடுக்கிறீர்கள், அதாவது புள்ளி ஒன்றுக்கு 160 வெள்ளி. சேர்த்த புள்ளி காலாவதியாகிவிடும் என்ற அவசரமும் இல்லை, அது அப்படியே இருக்கும்.

டைமண்ட் வந்த பிறகு என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு நான்கு பானங்கள் இலவசம். நான் மது தொடுவதில்லை, காபியும் ஜூஸும் வாங்கிக்கொள்கிறேன். டைமண்ட் உறுப்பினர்கள் மட்டும் உட்காரும் ஓய்வுக்கூடம் உண்டு, காலையில் கூட்டமில்லாமல் காபி குடிக்க அது எனக்குப் பிடித்த இடம். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிற சலுகைகள் இவை. ஆனால் இவற்றுக்காக ஒருவரை உள்ளறையில் படுக்க வைக்கலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, சலுகை “குடும்பத்துக்கே வரும்” என்று முகவர் சொன்னது பாதிதான் சரி. ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவிக்குப் படி பொது. 18 வயது ஆகாத மகளுக்கு உங்கள் படி கிடைக்கும். மன்னார்குடியில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அது போகாது. அவர்கள் பெயரில் அவர்கள் பயணம் செய்து சேர்த்தால்தான் உண்டு. நீங்கள் டைமண்ட் ஆனாலும் அந்த ஓய்வுக்கூடத்தில் அப்பாவோடு உட்கார்ந்து காபி குடிக்க முடியாது. பால்கனியில் முடியும்.

பழைய கப்பல்காரன்:

சொந்த ஊர் தூத்துக்குடி. 11 வருடம் பயணிகள் கப்பல்களில் அறைப் பணியாளராக இருந்தேன், இப்போது கரையில் ஓட்டல் வேலை. அறைகளை உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளறையில் விளக்கை அணைத்தால் கண்ணுக்கு நேரே பிடித்த கை தெரியாது. இளைஞர்களுக்கு அது சுகம், பத்து மணி வரை தூங்குவார்கள். வயதானவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு முறை இரவு 2 மணிக்கு ஒரு பெரியவர் குளித்து, சட்டை மாட்டி, தலைவாரி நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். விடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். கூட்டிப்போய் உட்கார வைத்துக் கடிகாரத்தைக் காட்டினேன். ரொம்பவும் கூச்சப்பட்டுப்போனார், இன்றைக்கும் அவர் முகம் நினைவில் இருக்கிறது. உங்கள் அப்பா 4 மணிக்கு எழுகிறவர் என்கிறீர்கள். எழுந்தால் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார், விளக்குப் போட முடியாது, எங்கே போவார்? பால்கனிக் கதவைத் திறந்து வெளியே உட்கார்ந்துகொள்வார். அந்த ஒன்றுக்காகவே பால்கனி எடுங்கள்.

ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் உள்ளறைச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஒரு திரை உண்டு, வெளிக் கடலை நேரடியாகக் காட்டும். உங்கள் மகளுக்கு அது பிடிக்கும். இரவில் அணைத்தும் வைக்கலாம். ஆனால் அதிலே காற்று வராது, பெரியவர்களுக்கு அது ஈடாகாது.

அம்மாவின் குமட்டலுக்கு வருகிறேன். கப்பல் ஆடும்போது அணியமும் (முன்பக்கம்) பின்பக்கமும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அதிகம் அசையாது, சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்த மாதிரி. எனவே தளம் எதுவாக இருந்தாலும் நடுவாகப் பாருங்கள். அதோடு நீங்கள் போகும் வழி நல்ல வழி. மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலேசியா, இரண்டும் காற்றைத் தடுத்துவிடும். புக்கெட் கடல் மே முதல் அக்டோபர் வரைதான் கொந்தளிக்கும், டிசம்பரில் அடங்கிக் கிடக்கும். இதே டிசம்பரில் வியட்நாம் பக்கம் போகிறீர்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், தென்சீனக் கடலில் அப்போது வாடைக்காற்று பலமாக வீசும். ஆனாலும் குமட்டல் மாத்திரைக்கு ஊர் மருத்துவரிடமே கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போக வேண்டும்.

அறை எண்ணைத் தேர்வு செய்யும் முன் தள வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கும் அறைக்கு மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் அறைகளே இருந்தால் நிம்மதி. வரைபடத்தில் பெயர் எதுவும் போடாமல் வெள்ளையாக விட்ட இடங்கள் இருக்கும். பயணிகள் அதைக் கவனிப்பதே இல்லை. பெரும்பாலும் அவை எங்கள் இடங்கள்: துணி வைக்கும் அறை, தள்ளுவண்டி நிறுத்தும் இடம், பணியாளர் படிக்கட்டு. காலை 6 மணிக்கே கதவு அடிக்கத் தொடங்கும். அதை ஒட்டி எடுக்காதீர்கள். இரண்டு அறைக்கு நடுவே கதவு இருக்கும் அறைகளுக்குத் தனிக் குறி போட்டிருப்பார்கள். பக்கத்து அறை உங்களுடையதாக இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம், அடுத்தவர் இருமுவதுகூடக் கேட்கும். அணியத்துப் பக்கம் கீழ்த் தளங்களில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் ஆளை எழுப்பிவிடும்.

முழங்கால் வலி என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். குவாண்டம் வகைக் கப்பல்கள் ஏறக்குறைய 348 மீட்டர் நீளம். லிஃப்டிலிருந்து அறை வரை நடப்பதே ஒரு தெரு நடப்பது போலிருக்கும். லிஃப்டுக்கு எதிரே எடுத்தால் பேச்சுச் சத்தம், அதனால் நாலைந்து கதவு தள்ளி இருக்கட்டும். பல கப்பல்களில் குளியலறை வாசலில் ஒரு படி உயர்ந்திருக்கும். புதிதாக வரும் எல்லோரும் முதல் இரவு அதில்தான் இடறுவார்கள். ஏறிய உடனே அப்பாவை அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள். கட்டிலைச் சேர்த்தும் போடலாம், பிரித்துத் தனித்தனியாகவும் போடலாம், அறைப் பணியாளரிடம் முதல் நாளே சொன்னால் செய்து தருவார். பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் கரையை ஒட்டியே நிற்கும், இறங்கினால் ஜார்ஜ்டவுன், லிட்டில் இந்தியா பக்கம்தான். புக்கெட்டில் பல சமயம் கப்பல் வெளியே நங்கூரமிட்டு, சிறு படகில் கரைக்குக் கூட்டிப்போவார்கள். படகு ஆடும்போது கால் மாற்றி வைக்க வேண்டும். அப்பாவின் முழங்காலுக்கு அது சிரமம். அன்று அவர் கப்பலிலேயே இருக்கட்டும், அதற்கும் பால்கனி உதவும்.

எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இடப்பக்கம் எடுங்கள். போகும்போது கப்பல் வடமேற்காகப் போகிறது, இடப்பக்கத்தில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். திரும்பும்போது தென்கிழக்காக வருகிறது, அப்போது அதே பக்கத்தில் சூரியன் உதிக்கும்.

புங்கோல்வாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடற்காற்று அக்கா, அந்தப் புள்ளிக் கணக்கை நான் போட்டே பார்க்கவில்லை. அப்பா அம்மாவுக்குப் படி வராது என்பதும் தெரியாது. நேற்று மாலை முகவரிடம் நேரில் போய் வரைபடத்தைத் திறக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இடப்பக்கம், கப்பலின் நடுப்பகுதி, மேலேயும் கீழேயும் அறைகள், பக்கத்து அறைக்குக் கதவு இல்லை, லிஃப்டிலிருந்து ஆறாவது. அப்படி ஒரு பால்கனி அறை கிடைத்தது. நடைவழியின் மறுபுறம் ஏறக்குறைய எதிரிலேயே எங்கள் உள்ளறை. முதலில் பார்த்த அறை நன்றாக இருப்பது போலத்தான் தெரிந்தது, பக்கத்தில் வெள்ளை இடம் இருந்ததால் விட்டுவிட்டோம். முகவரே ஆச்சரியப்பட்டார்.

இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். அறைக்கு வெளியே உட்காரலாம், திரும்பி வரும் அன்று காலை சூரியன் எழுவது தெரியும் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஜாஸ்தி செலவு பண்ணாதே” என்றார். அம்மா போனை வாங்கி, காலையில் விளக்கேற்றிக் கும்பிட இடம் இருக்குமா, சின்ன காமாட்சி விளக்கு எடுத்து வரட்டுமா, வெந்நீருக்குக் கெட்டில் கொண்டு வரட்டுமா என்று கேட்டார். அவர் வெறும் வயிற்றில் வெந்நீர் குடிக்காமல் எதுவும் செய்ய மாட்டார். இதற்கு என்ன சொல்வது?

பழைய கப்பல்காரன்:

தம்பி, விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடாது. கப்பலில் நெருப்பைப் போல அஞ்சுவது வேறொன்றும் இல்லை. கெட்டிலையும் ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், சோதனை மேசையில் வைத்துப் பையைப் பிரித்தால் மனது கஷ்டப்படும். பேட்டரியில் எரியும் சின்ன அகல் சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்கள். ஒரு ஃபிளாஸ்க் எடுத்து வரச் சொல்லுங்கள். படுக்கப் போகும் முன் பஃபே உணவுக்கூடத்தில் வெந்நீர் பிடித்து வைத்துக்கொண்டால் 4 மணிக்கும் சூடாக இருக்கும். குளிக்கும்போது உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று அறை எண்ணோடு சேர்த்து முகவர் மூலம் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். அவை எண்ணிக்கையில் குறைவு, முதலில் கேட்பவர்களுக்குத்தான் போகும்.