புது .21 நைட்ரோ இன்ஜின்: கயிறு இழுக்கவே வரலை, பிரேக்-இன் எப்படி?

பக்கி_புதுசு:
1/8 அளவு ரிமோட் கார் பக்கில புது .21 (0.21 கன அங்குலம், சுமார் 3.5 சிசி) இன்ஜின், புல் ஸ்டார்ட் (கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது). கயிறு இழுத்தா பாதியில பாறை மாதிரி நிக்குது. க்ளோ பிளக்கைக் கழற்றிட்டு ஃப்ளைவீலைக் கையால சுத்தினாலும் பிஸ்டன் மேல வர்ற இடத்துல ஒரு பிடி பிடிக்குது. பிரேக்-இன்னுக்கு (புது இன்ஜினை முதல்ல பக்குவமா ஓட்டிப் பழக்கறது) கூட வந்த தாள்ல 5 டேங்க் ரிச்சா (எரிபொருள் அதிகமா) வச்சு ஐடில்லயே (த்ராட்டில் கொடுக்காம) விடச் சொல்லியிருக்கு. வீடியோவுல எல்லாரும் முதல்லயே சூடேத்தச் சொல்றாங்க. எதைக் கேக்கறது? எரிபொருள் 20% நைட்ரோ (மீதி மெத்தனாலும் எண்ணெயும்), டேங்க் 125 சிசி. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருக்கு.

பித்தளை_ஸ்லீவ்:
அந்தப் பிடி பழுது இல்லை, அதுலதான் உங்க கம்ப்ரெஷனே கிடைக்குது. இந்த இன்ஜின்ல பிஸ்டன் ரிங் கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினிய பிஸ்டன், உள்ளே குரோம் பூசின பித்தளை ஸ்லீவ் (பிஸ்டன் ஓடற உருளை). ஸ்லீவ் மேலே போகப் போகக் கொஞ்சம் குறுகும். சூடேறினா பித்தளை பிஸ்டனை விட அதிகமா விரிஞ்சு அந்த இறுக்கம் தளரும். ஓடுற சூட்டுல சரியாப் பொருந்தற மாதிரிதான் கடைஞ்சிருக்காங்க.

இப்போ அந்தத் தாள் சொல்றபடி குளிர்ந்த இன்ஜினை ரிச்சா ஓட விட்டா என்ன ஆகும்? ஹெட் (இன்ஜின் தலைப்பகுதி) சூடு 60, 70 டிகிரி செல்சியஸ்லயே நிக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன் குறுகலான இடத்துல போய் முட்டும். அடி முழுக்க கனெக்டிங் ராடுக்கு (பிஸ்டனைக் கிராங்கோட இணைக்கிற தண்டு). பிஸ்டன் ஓரமும் வீணாத் தேயும். 5 டேங்க் முடியறப்போ ஆயுசு குறைஞ்சிருக்கும். ரிங் வச்ச பழைய இன்ஜினுக்குச் சொன்னதை இதுக்கும் அப்படியே அச்சடிச்ச மாதிரி இருக்கு.

செய்ய வேண்டியது: டேங்க்ல எரிபொருள் ஊத்தறதுக்கு முன்னாடியே ஹெட்டை ஹேர் டிரையர்ல 80 டிகிரி வரைக்கும் சூடேத்துங்க. ஹீட் கன்னா கார்ப் (கார்புரேட்டர்) பக்கமும் டேங்க் பக்கமும் காட்டாதீங்க, பிளாஸ்டிக் இளகிடும். சூடேத்தின சாதனத்தைத் தள்ளி வச்சிட்டு அப்புறம் ஊத்துங்க. மெத்தனால் தீப்பிடிச்சா வெயில்ல ஜுவாலை கண்ணுக்கே தெரியாது.

காரை ஒரு கட்டை மேல தூக்கி வச்சு, சக்கரம் தரையில படாம ஸ்டார்ட் பண்ணுங்க. கம்பெனி வச்ச நீடில் (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு) நிலை பொதுவா ரிச்சாத்தான் இருக்கும், முதல் ஸ்டார்ட்டுக்கு அதைத் தொடாதீங்க. பிளக் குழிக்குள்ள தெர்மாமீட்டரைக் காட்டி 90லருந்து 100 டிகிரிக்குள்ள ரெண்டு நிமிஷம் ஐடில். அப்புறம் புகைக்குழாய் வாயைத் தடிச்ச துணியால அடைச்சு நிறுத்துங்க. எரிபொருள் குழாயை நசுக்கி நிறுத்தினா கடைசி நொடியில லீன் ஆகி (எரிபொருள் குறைஞ்சு) எண்ணெய் இல்லாம ஓடும்.

நிறுத்தின உடனே பிஸ்டனைக் கீழே கொண்டு வந்து விடுங்க. மேலேயே நின்னு ஆறினா ஸ்லீவ் சுருங்கி அதை இறுக்கிப் பிடிச்சுக்கும். பிஸ்டன் கீழே இருக்கிற நிலைக்கு ஃப்ளைவீல்ல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சா ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம். கை வச்சா சுடாத அளவுக்கு ஆறினதும் டேங்க்ல மிச்சம் இருக்கறதை எடுத்துட்டு திரும்ப சூடேத்தி ஆரம்பிங்க. இப்படியே ரெண்டு டேங்க்.

பக்கி_புதுசு:
நன்றி அண்ணா. 80 வரைக்கும் சூடேத்தி இழுத்தேன், பத்து செகண்ட் ஓடி நின்னுடுச்சு. இப்போ கயிறு கொஞ்சமும் அசையல. பலமா இழுத்துப் பாக்கட்டுமா?

கராஜ்_மணி:
இழுக்காதீங்க! ஓவர்ஃப்ளோ ஆயிருக்கு. பிஸ்டனுக்கு மேல எரிபொருள் தேங்கி நிக்குது, திரவத்தை அமுக்க முடியாது. பலமா இழுத்தா ஒண்ணு கயிறு அறுகும், இல்லைன்னா ராட் வளையும். பிளக்கைக் கழற்றுங்க, இக்னைட்டர் (பிளக்கைச் சூடேத்தற பேட்டரிக் கருவி) பக்கத்துல இருக்கக் கூடாது. காரைத் தலைகீழாப் பிடிச்சு அஞ்சாறு தடவை மெதுவா இழுங்க, தேங்கினது பிளக் ஓட்டை வழியா பீச்சி அடிக்கும். முகத்தைக் கிட்ட வைக்காதீங்க, மெத்தனால் கண்ணுக்கு ஆகாது. பிளக்கைத் துடைச்சு இக்னைட்டர்ல மாட்டிப் பாருங்க, கம்பிச்சுருள் பளிச்னு ஆரஞ்சு நிறமா எரியணும். மங்கலா இருந்தா இக்னைட்டர் சார்ஜ் இல்லை.

ப்ரைம் பண்றப்போ (ஸ்டார்ட்டுக்கு முன்னாடி எரிபொருளை கார்ப் வரைக்கும் இழுக்கறப்போ) புகைக்குழாயை விரலால மூடி இழுத்து, குழாய்ல எரிபொருள் கார்ப் வாய்க்கு வந்ததும் நிறுத்திடுங்க. அதுக்கு மேல ஒரு இழுப்பு போனாலும் இதே கதைதான். கயிறையும் முழுசா உருவ வேண்டாம், ஒரு அடி போதும், சுருக்சுருக்னு இழுக்கணும்.

பக்கி_புதுசு:
சரியாயிடுச்சு, ஓடுது. ஆனா ஐடில்ல 75ஐத் தாண்ட மாட்டேங்குது. நீடிலைக் குறைச்சுடவா?

பித்தளை_ஸ்லீவ்:
வேண்டாம். எண்ணெய் எரிபொருளோடதான் வருது, இப்போ லீன் பண்ணினா உயவும் சேர்ந்து குறையும். ஹெட்ல அலுமினிய ஃபாயிலைச் சுத்தி காத்தை அடைச்சு விடுங்க, சூடு தானா ஏறும். 105 தாண்டினா ஃபாயிலைக் கொஞ்சம் பிரிச்சு விடுங்க.

ரெண்டு டேங்க் முடிஞ்சதும் தரையில இறக்குங்க. மூணாவது டேங்க்ல கால் த்ராட்டில், ரெண்டு மூணு செகண்ட் கொடுத்து விட்டுடணும். நாலாவதுல அரை த்ராட்டில். அஞ்சாவதுல முக்கால் வரைக்கும், அதுவும் சின்னச் சின்னதா. ஒவ்வொரு டேங்குக்கும் ஹை ஸ்பீட் நீடிலை (வேகமா ஓடறப்போ எரிபொருள் அளவைத் தீர்மானிக்கிறது) கடிகாரத்துல ஒரு மணி நேர அளவுதான், அதாவது பன்னிரண்டுல ஒரு பங்கு சுத்து உள்ளே திருப்புங்க. புகைக்குழாய்ல நீலப் புகை எப்பவும் வந்துட்டே இருக்கணும். புகை நின்னு, சத்தம் கிறீச்னு மெலிஞ்சா உடனே த்ராட்டிலை விட்டு நீடிலை வெளியே திருப்புங்க.

கராஜ்_மணி:
லோ ஸ்பீட் நீடிலை (ஐடில்லயும் குறைஞ்ச வேகத்துலயும் எரிபொருள் அளவுக்கு) அஞ்சாவது டேங்குக்கு அப்புறம் பாருங்க. நல்லா சூடான இன்ஜின் ஐடில்ல இருக்கும்போது கார்ப் பக்கத்துல எரிபொருள் குழாயை நசுக்குங்க. மூணு நாலு செகண்ட் ஓடி, கடைசியில கொஞ்சம் வேகம் ஏறி நின்னா சரி. சட்னு செத்தா லீன், ஏழெட்டு செகண்ட் இழுத்தா ரிச்.

பிளக் ஒண்ணு கூடுதலா வாங்கி வச்சுக்கோங்க. பிரேக்-இன்ல தேயற உலோகத்தூள் கம்பிச்சுருள்ல ஒட்டும், அதுக்கப்புறம் அதே பிளக்கோட ட்யூன் பண்ண உக்காந்தா பொழுது விடிஞ்சிடும். வாங்கும்போது உங்க ஹெட் சாதா பிளக்குக்கா, டர்போ பிளக்குக்கான்னு பாத்து வாங்குங்க. டர்போல அடி கூம்பா இருக்கும், ஒண்ணு இன்னொண்ணுல பொருந்தாது.

நாள் முடிஞ்சா டேங்கைக் காலி பண்ணி, குழாய்ல மிச்சம் இருக்கறது தீர்ற வரைக்கும் ஓட விட்டு, பிளக் ஓட்டையில நாலு சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டி முடிச்சதும் துருப்பிடிக்காம இருக்கப் போடற எண்ணெய்). கார்ப்லயும் நாலு சொட்டு. பிளக்கை மாட்டாம அஞ்சாறு தடவை இழுங்க. மெத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், விட்டா பேரிங் துருப்பிடிக்கும். எரிபொருள் கேன் மூடியும் அதே காரணத்துக்குத்தான் இறுக்கமா இருக்கணும்.

பக்கி_புதுசு:
கடைசியா ஒண்ணு. பிரேக்-இன் முடிஞ்சா அந்த இறுக்கம் போயிடுமா?

பித்தளை_ஸ்லீவ்:
போகக் கூடாது. ஆறின இன்ஜின்ல பிளக் இல்லாம ஃப்ளைவீலைச் சுத்தினா உச்சியில லேசா ஒரு தடை கையில தெரியணும், ஆனா நிக்காம தாண்டணும். குளிர்ந்திருக்கும்போதே வழுக்கிக்கிட்டுப் போனா ஸ்லீவ் தேஞ்சிடுச்சு. அப்புறம் சூடானதும் கம்ப்ரெஷன் இருக்காது, ஐடில்லயே நிக்காது.