பெண் பிள்ளை தொடை தட்டினால் மட்டும் குற்றமா?

செவல்மண்:
போன வாரம் 'பழைய கார்னர்' அண்ணாச்சி நம் குழுவில் ஒரு பதிவு போட்டிருந்தார். பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு மின்னொளி கபடி நடந்தது. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் இறுதியாட்டத்தில் ஒரு பிள்ளை, பாடி வந்த ரைடரைப் பிடித்துப் போட்டுவிட்டுத் தொடையைத் தட்டியதாம். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பண்பே கிடையாது. அந்த அணிக்குக் கோப்பையே கொடுத்திருக்கக் கூடாது" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தப் பிள்ளை எங்கள் ஊர்த் திடலில் பயிற்சிக்கு வருகிற பிள்ளை. கடைசி நிமிடம், எங்கள் அணியில் மூன்று பேர்தான் களத்தில் நின்றார்கள். அத்தனை குறைந்த ஆளோடு பிடித்தால் சூப்பர் டேக்கிள், ரெண்டு புள்ளி. விட்டால் கோப்பை போச்சு. வலது கார்னரிலிருந்து, அதாவது பிடி வரிசையின் வலது கோடியிலிருந்து பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள், விடவே இல்லை. முழங்கையில் தோல் உரிந்து செம்மண் ஒட்டியிருந்தது. எழுந்து ஒரு தட்டு தட்டினாள். அடுத்த நொடியே கீழே கிடந்த பிள்ளைக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அண்ணாச்சி கண்ணில் தட்டியது மட்டும் பட்டது, தூக்கிவிட்டது படவில்லை.

அன்று ராத்திரியே ஆண்கள் ஆட்டமும் நடந்தது. போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து ஒரு புள்ளி எடுத்தவனெல்லாம் தொடை தட்டினான். அதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

பழைய கார்னர்:
தங்கச்சி, கதையை மாத்தாதே. நான் சொன்னது ஒரே விஷயம். அந்தப் பிள்ளை விசிலுக்கு முன்னால் தட்டியது. ரைடு முடியவில்லை, நடுவர் கை தூக்கவில்லை, அதற்குள் கீழே கிடக்கிறவள் முகத்துக்கு நேரே தட்டு. நாங்கள் ஆடின காலத்தில் இப்படித் தட்டியிருந்தால் எங்கள் மாஸ்டரே கோட்டுக்கு வெளியே இழுத்துப் போட்டிருப்பார்.

செவல்மண்:
விசிலுக்குப் பின்னால்தான் தட்டினாள். நான் அந்தக் கார்னர் பக்கம் போகஸ் லைட் கம்பத்தடியில் நின்றேன். நீங்கள் மேடையில் விருந்தினர் நாற்காலியில் இருந்தீர்கள். அங்கிருந்து பந்தல் காலைத் தாண்டி என்ன தெரியும்?

பழைய கார்னர்:
எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. விசிலுக்கு முன்.

நடுவர் நாற்காலி:
விதியைச் சொல்லிவிடுகிறேன். நடத்தை சரியில்லை என்றால் நடுவர் கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டை இருக்கிறது. பச்சை எச்சரிக்கை, மஞ்சள் ரெண்டு நிமிடம் வெளியே, சிவப்பு என்றால் ஆட்டத்தை விட்டே வெளியே. அந்த ஆட்டத்தில் எந்த அட்டையும் எடுக்கவில்லை. அதோடு பேச்சு முடிந்தது.

பழைய கார்னர்:
எப்படி எடுப்பார்? நடுவர் யார் ஊர்க்காரர் என்று எல்லாருக்கும் தெரியும்.

நடுவர் நாற்காலி:
வே, வார்த்தையை அளந்து பேசும். அவர் தேர்வு எழுதி நடுவரானவர். ரெண்டு வருசத்துக்கு முந்தி நுழைவுக் கட்டணம் கட்டாமல் வந்த உங்கள் அணியைத் திருப்பி அனுப்பியதும் அவர்தான். அந்தக் கோபத்தை ஒரு சின்னப் பிள்ளை தொடையில் வந்து காட்டாதீர்.

பழைய கார்னர்:
கட்டணம் கட்டினோம். ரசீது இருக்கு. வேணும்னா நாளைக்கே படம் எடுத்துப் போடுறேன்.

வல்லநாட்டான்:
ரசீதை விடுங்கள். கபடிக்கு அர்ஜுனா விருது வாங்கின மணத்தி கணேசன் நம் மண்ணில் பிறந்தவர்தானே? அவரை மாதிரி ஆட்டக்காரர்களைப் பார்த்து இந்தப் பிள்ளைகள் படிக்கட்டும். தொடை தட்டியா அவர் பேர் வாங்கினார்?

அம்பை வாய்க்கால்:
நம் மண் என்றால் யார் மண்? மணத்தி தூத்துக்குடி மாவட்டம்.

வல்லநாட்டான்:
1986-ல் பிரித்த மாவட்டம் ஐயா. அவர் பிறந்தபோது எல்லாமே திருநெல்வேலிதான். விட்டால் 2019-ல் பிரித்த தென்காசிக்காரனையும் வேற்று நாட்டான் என்பீர் போல.

அம்பை வாய்க்கால்:
பெருமை என்றால் மட்டும் பழைய மாவட்டம், தண்ணீர்ப் பங்கு என்று வந்தால் புது மாவட்டம். நல்லா இருக்கு நியாயம்.

செவல்மண்:
மாவட்டத்தை வேறு இடத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பண்பு, பழைய காலம் என்கிறீர்களே, சடுகுடு காலத்தில் ரைடு போகிறவன் என்ன பாடிக்கொண்டு போனான்? "நான்தான்டா உங்கப்பன்" என்று எதிரணி முகத்துக்கு நேரே பாடித்தான் போனான். ஊரே கைதட்டியது. அதற்கு வீரம் என்று பெயர் வைத்தவர்கள் இன்று ஒரு பெண் பிள்ளை ஒரு தட்டு தட்டியதற்குப் பண்பு பாடம் எடுக்கிறீர்கள்.

ஹாங்சோ ஆசிய விளையாட்டை எல்லாரும் பார்த்தோம். 2023 அக்டோபர், ஈரானோடு ஆண்கள் இறுதியாட்டம், 28-28. நம் ரைடர் பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள், அதாவது ஆளைத் தொட்ட பிறகுதான் போகலாம் என்கிற ஓரப் பட்டைக்குள் போனார், ஈரான்காரர்கள் பின்னாலேயே போனார்கள். பவன் மட்டும் அவுட்டா, பின்னால் போனவர்களுமா, பழைய விதியா புது விதியா என்று தீர்ப்பு மாறி மாறி வந்தது. ஆட்டக்காரர்கள் ஆடுகள விரிப்பிலேயே உட்கார்ந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் 33-29 என்று ஜெயித்தோம். அன்றைக்கு யாராவது தங்கத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னீர்களா? பெரியவர்கள் உட்கார்ந்தால் உரிமைப் போராட்டம், எங்கள் பிள்ளை தட்டினால் கோப்பையைப் பிடுங்க வேண்டுமா?

பழைய கார்னர்:
ஹாங்சோ வரைக்கும் போயிட்டு வந்தாச்சு, விசிலுக்கு மட்டும் பதில் இல்லை.

செவல்மண்:
பதில் முதலிலேயே சொல்லிவிட்டேன். விசிலுக்குப் பின்.

மைக்செட் தம்பி:
அன்றைக்கு வர்ணனை சொன்னது நான்தான். என்னை இதில் இழுக்காதீர்கள். நான் புள்ளி எழுதுகிற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவல்மண்:
தம்பி, நீயும்தான் பதில் சொல்ல வேண்டும். ஆண்கள் ஆட்டத்தில் தொடை தட்டினவனை "சிங்கம் கர்ஜிக்குது" என்று மைக்கில் சொன்னாய். எங்கள் பிள்ளை தட்டியதும் "பாப்பாவுக்குக் கோபத்தைப் பாருங்க" என்றாய். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோப்பை வாங்க மேடைக்குக் கடைசி ஆளாக வந்தாள். பண்பு கெட்டது அந்த இடத்தில்தான் என்று நான் சொல்கிறேன்.

மைக்செட் தம்பி:
யக்கா, கூட்டம் தூங்கிடாம இருக்கச் சொல்றதுதான். யாரையும் புண்படுத்தணும்னு இல்லை.

பழைய கார்னர்:
பொம்பளப் பிள்ளை என்பதற்காக நான் சொல்லவில்லை. என் பேத்தியும் ஆடுகிறாள். ஆனால் இந்த மாதிரிப் பழக்கமெல்லாம் 2014-ல் டிவியில் புரோ கபடி வந்த பிறகு தொற்றியது. அதற்கு முன் இருந்த அடக்கம் போச்சு. இப்போது பிடி கற்றுக்கொள்ளும் முன்னே தட்டக் கற்றுக்கொள்கிறார்கள்.

செவல்மண்:
அந்த டிவி வந்த பிறகுதான் பெண் பிள்ளையைத் திடலுக்கு அனுப்பவே அப்பன்மார் சம்மதித்தார்கள். அதற்கு முன் ஷார்ட்ஸ் போட்டு ஆடக் கூடாது, இருட்டுக்கு முன் வீட்டுக்கு வரணும், வயசுக்கு வந்தால் நிறுத்து என்று எத்தனை பேரை நிறுத்தினீர்கள்! 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் நம் பெண்கள் அணி தங்கம் வாங்கியது. துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர்ப் பிள்ளை. அன்றைக்கு இதே குழுவில் வாழ்த்துப் படம் போட்டது நீங்கள்தான் அண்ணாச்சி. அடக்கமாக நின்றிருந்தால் அந்தத் தங்கம் வந்திருக்காது.

களத்துக்கு வெளியே நிற்கிற பெற்றோரையும் கொஞ்சம் பாருங்கள். "காலை உடை", "மூஞ்சில போடு" என்று கோட்டோரம் நின்று கத்தினவர்கள் எல்லாரும் நாற்பது வயதைத் தாண்டினவர்கள். அவர்களுக்கு எந்த அட்டை காட்டுவது?

பழைய கார்னர்:
யார் கத்தினது? எங்கள் ஊரையா சொல்கிறாய்?

செவல்மண்:
ஊர் பேர் நான் சொல்லவில்லை.

பழைய கார்னர்:
சொல்லாமல் சொல்கிறாய். எங்கள் ஊர்க்காரன் கத்தியிருந்தால் அதற்குக் காரணம் விசிலுக்கு முன் தட்டினது.

அம்பை வாய்க்கால்:
வீடியோ யாரிடமாவது இருந்தால் போடுங்களேன். ரெண்டு நாளாக இதே பேச்சு.

நடுவர் நாற்காலி:
வீடியோ பார்த்தேன். எடுத்தவர் தலை மறைக்கிறது. விசில் சத்தம் செண்டையில் அமுங்கிப் போச்சு.

பழைய கார்னர்:
பார்த்தீர்களா, மறைக்கிறார்கள்.

செவல்மண்:
மறைத்தது எடுத்தவர் தலை அண்ணாச்சி, எங்கள் ஊர் இல்லை. தைப்பொங்கலுக்கு உங்கள் ஊர்ப் போட்டிக்கு எங்கள் அணி பெயர் கொடுத்திருக்கிறது. அதே பிள்ளை அதே வலது கார்னரில் நிற்பாள். பிடித்தால் தட்டுவாள், தட்டிவிட்டுத் தூக்கியும் விடுவாள். இந்தத் தடவை நாற்காலியைக் கோட்டோரம் போட்டு உட்காருங்கள்.

பழைய கார்னர்:
வரட்டும். நுழைவுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு வரட்டும்.

நடுவர் நாற்காலி:
ரசீது இன்னும் வரவில்லை வே.

வல்லநாட்டான்:
மணத்தி திருநெல்வேலிதான்.