சமையலறையை மெக்சிகோ பாணியில் மாற்றலாம் என்று இருக்கிறேன், எங்கே தொடங்குவது?

மல்லிகைப்பந்தல்:
ஹாய் தோழிகளே, நாங்கள் இருப்பது டெக்சாஸில், சான் அன்டோனியோ. போன மாதம்தான் 1950களில் கட்டிய பழைய வீடு ஒன்றை வாங்கினோம். மற்ற அறைகள் பரவாயில்லை, சமையலறை மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி ஒரே வெள்ளை, உள்ளே போனாலே சமைக்கிற ஆசை போய்விடுகிறது. இந்த ஊர் மார்க்கெட் ஸ்கொயர் பக்கம் போகும்போதெல்லாம் பூப்போட்ட ஓடு, தகரச் சட்டம் போட்ட கண்ணாடி, மண் சட்டி என்று பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. மனதில் இருப்பது: அடுப்புக்குப் பின்சுவர் முழுக்கத் தலவேரா ஓடு (அந்தப் பூப்போட்ட பளபள ஓடுதான்), தரைக்குச் சால்தியோ என்கிற சுட்ட களிமண் ஓடு, செம்பு சிங்க், மேலே குறுக்காகப் பேப்பல் பிக்காடோ என்கிற வெட்டுக் காகிதத் தோரணம், பெரிய கசுவேலா மண் சட்டி ஒன்று (அதில் மீன் குழம்பு வைக்கலாமே!). பட்ஜெட் 3000 டாலர். என் வீட்டுக்காரர் "அப்படியே வாசலில் மெனு போர்டும் மாட்டிவிடு" என்கிறார். வீட்டில் தினமும் சாம்பார், ரசம், தாளிப்பு எல்லாம் உண்டு. இதெல்லாம் சரிவருமா?

புவெப்லாக்காரி:
மல்லிகை, நான் ஐந்து வருடமாக மெக்சிகோவில், புவெப்லாவில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே நான் போய் வருகிற வீடுகளில் ஒன்றில்கூடச் சமையலறைச் சுவரில் பெரிய தொப்பியோ பிளாஸ்டிக் கள்ளியோ மண்டையோட்டுப் பொம்மையோ தொங்கவில்லை. சர்க்கரை மண்டையோடு நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் படைக்கிற மேடையில் வைப்பது. பேப்பல் பிக்காடோவும் விசேஷத்துக்குக் கட்டி அவிழ்ப்பதுதான், நாம் மாவிலைத் தோரணம் கட்டுகிற மாதிரி. அது மெல்லிய டிஷ்யூ காகிதம், உங்கள் தாளிப்புப் புகையில் ஒரு வாரத்தில் பிசுபிசுத்துவிடும், அடுப்புக்கு மேல் என்றால் தீப்பிடிக்கிற பயம் வேறு. வீட்டுக்காரர் சொல்கிற ஹோட்டல் களை வருவது இவற்றால்தான், ஓட்டால் இல்லை.

ஓடு என்றால் இங்கே சாந்தா ரோசா மடத்துச் சமையலறையைப் பார்க்க வேண்டும். சுவர், கூரை வளைவு, அடுப்பு மேடை, எல்லாமே ஓடுதான். மோலே குழம்பு அங்கேதான் பிறந்தது என்று கதை சொல்வார்கள் (கதைதான், எங்கள் தெருவில் சந்தேகப்பட்டுப் பேசினால் அடிக்க வருவார்கள்). உள்ளே போய் நின்றால், இத்தனை ஓட்டுக்கும் கண் வலிக்கவே இல்லையே என்று தோன்றும். மற்றதெல்லாம் மண் நிறம், மர நிறம், அதனால்தான். மெக்சிகோ சிட்டியில் ஓவியர் ஃப்ரீடா காலோவின் நீல வீட்டுச் சமையலறையும் அப்படித்தான்: மஞ்சள் தரை, நீலமும் வெள்ளையும் மஞ்சளுமாக ஓடு பதித்த விறகடுப்பு மேடை, பின்சுவரில் குட்டிக் குட்டி மண் ஜாடிகளைக் கோத்து ஃப்ரீடா, தியேகோ (அவர் கணவர்) என்று பெயர் எழுதியிருக்கும். அந்த ஜாடி யோசனையை நீங்கள் தாராளமாகத் திருடலாம், சந்தையில் கைநிறைய வாங்கினாலும் விலை கொஞ்சம்தான்.

வாங்கும்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அசல் தலவேரா என்பது புவெப்லா, தலாஸ்காலா வட்டாரத்துப் பொருள். 1653லேயே குயவர் சங்கம் விதிமுறை எழுதிவைத்த தொழில், 2019ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. நீலம், மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, கறுப்பு, இளம் ஊதா, இந்த ஆறு நிறம்தான், அதிலும் நீலத்துக்குத்தான் மவுசு. டெக்சாஸ் கடைகளில் தலவேரா என்று கொட்டிக் கிடப்பது பெரும்பாலும் குவானஹுவாத்தோ மாநிலத்து தொலோரெஸ் இதால்கோவில் செய்தது. மட்டம் என்று சொல்லவில்லை, சுவருக்கு அது போதும், உங்கள் பட்ஜெட்டுக்கும் அதுதான். 4 இன்ச் ஓடு சதுர அடிக்கு ஒன்பது பிடிக்கும், உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட வாங்குங்கள். கையால் செய்தது, ஒவ்வொன்றும் அளவில் கொஞ்சம் மாறும், அதனால் இடைவெளி 3 மில்லிமீட்டராவது விடச் சொல்லுங்கள். எல்லாப் பெட்டியையும் பிரித்துக் கலந்து பதிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு மூலை வெளிர் நீலமும் ஒரு மூலை கருநீலமுமாக நிற்கும்.

கடைசியாக, இதுதான் முக்கியம்: கசுவேலாவில் மீன் குழம்பு வேண்டாம்! பழைய முறையில் பளபளப்புக்குப் பூசுவது கிரேத்தா, அது காரீயம், அதாவது லெட், விஷம். புளியும் தக்காளியும் அதைக் கரைத்து எடுத்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் விளையாட்டே இல்லை. காரீயம் இல்லாதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சமையுங்கள், மற்றபடி அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.

கத்தரிப்பூ:
அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் தரையைப் பற்றி மட்டும் அழுதுவிட்டுப் போகிறேன். நாங்களும் ஆசைப்பட்டுச் சால்தியோ போட்டோம். கோவாயிலா மாநிலத்துச் சால்தியோ ஊர்ப் பெயர் அது, சுட்ட களிமண், மேலே பூச்சு கிடையாது. சிலதில் வெயிலில் காயும்போது நாய் மிதித்த தடம்கூட இருக்கும், அப்படி ஒரு ஓடு வேண்டுமென்றே கேட்டு வாங்கி வாசற்படி பக்கம் பதித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அது தண்ணீரை மட்டும் இல்லை, எண்ணெய், மஞ்சள், எல்லாவற்றையும் குடிக்கும். பதித்தவர், கறை இறங்காமல் இருக்கப் பூசும் சீலரை ஒரே ஒரு கை பூசிவிட்டுப் போய்விட்டார், எனக்கும் விவரம் தெரியாது. பொங்கலன்று சாம்பார் பாத்திரம் கவிழ்ந்தது, அந்த வட்டம் இன்னும் இருக்கிறது, மேலே மிதியடி போட்டு மறைத்திருக்கிறேன். இன்னொன்று, ஓடு தடிமன், அடியில் சாந்தும் நிறையப் போக வேண்டும், தரை உயர்ந்துவிடும். பாத்திரம் கழுவும் மெஷின் உள்ளே மாட்டிக்கொண்டது, ரிப்பேருக்கு வெளியே இழுக்க முடியவில்லை, மேல் பலகையைக் கழற்றினோம்!! உங்கள் வீடு 1950கள் என்கிறீர்கள், அடியில் கான்கிரீட்டா மரச்சட்டமா என்று முதலில் பாருங்கள். மரம் என்றால் அசைவில் ஓடு விரியும்.

செல்வம்76:
செம்பு சிங்க் பற்றி யாரும் சொல்லவில்லையே. மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் சாந்தா கிளாரா தெல் கோப்ரே என்று ஒரு ஊர், சுத்தியலால் தட்டித் தட்டிச் செய்கிற செம்புப் பாத்திரத்துக்குப் பேர்போனது. நல்ல சாமான்தான். ஆனால் சகோதரி, நம் அம்மாக்கள் செம்புக் குடத்தை எதை வைத்துத் தேய்த்தார்கள்? புளி. செம்பு சிங்க்கின் அழகே நாளாக நாளாக அது கறுத்துப் பழுப்பதுதான், நீங்கள் தினமும் ரசச் சட்டியை அதில் கவிழ்த்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஆகி, மொத்தமும் சிறுத்தைத் தோல் மாதிரி ஆகிவிடும். அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் வாங்குங்கள். எனக்கு முடியவில்லை.

அல்லிராணி:
நாங்கள் வாடகை வீடு, ஓடெல்லாம் ஒட்ட முடியாது. மேசைக்குப் பழப்படம் போட்ட ஹூலே (ரெக்சின் மாதிரி துடைக்கிற துணி) விரிப்பு, கதவுக்கு அடர் நீலப் பெயின்ட் (வீட்டு ஓனரிடம் கேட்டுவிட்டுத்தான்), அவ்வளவே. அப்புறம் எரிமலைக்கல் மோல்கஹேத்தே ஒன்று வாங்கினேன், மூன்று கால் வைத்த குட்டி ஆட்டுக்கல்தான், பச்சரிசி போட்டு அரைத்து மாவு வெள்ளையாக வரும்வரை பழக்கினேன், இப்போது தேங்காய்ச் சட்னிகூட அதில்தான். சிமென்டில் வார்த்த போலியும் விற்கிறது, அரைத்தால் சாம்பல் தூள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், ஜாக்கிரதை.

மல்லிகைப்பந்தல்:
எல்லோருக்கும் நன்றி, தரையும் சிங்க்கும் பட்டியலிலிருந்து போயாச்சு, வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. புவெப்லாக்கா, பின்சுவருக்கு நீலம் வெள்ளை மட்டும், பக்கத்துச் சுவருக்குக் காவி நிறம், சரியா? இன்று போய் மாதிரிக்கு ஆறு ஓடு வாங்கி வந்தேன். கடைக்காரர் உடைந்த சால்தியோ துண்டு ஒன்றைச் சும்மா கொடுத்தார். கத்தரிப்பூ பேச்சை நம்பாமல் இல்லை, இருந்தாலும் அதன் மேல் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் மஞ்சள் குழைத்து ஊற்றி வைத்திருக்கிறேன், காலையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.